மருதனார்மடத்தில் ஒலித்த மகாராஜபுரத்துக் குரல்

ஓர் ஊரின் பெருமையை எண்ணும்போது அங்கே பிறந்தவர்களை முதலில் எண்ணுவது வழக்கம். வேற்றூரிலிருந்து வந்து தங்கி, தமது வாழ்வின் நல்ல ஆண்டுகளை அவ்வூருக்கு ஈந்து சென்றவர்களை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் சந்தானம் அவர்களை யாழ்ப்பாணம் நினைவிற் கொண்டிருக்கும் விதமும் இத்தகையதே. அவருடைய பாடல்களை அறியாத இல்லம் எம்மவரிடையே அரிது. ஆயினும் அவர் மருதனார்மடத்தில் இசைக் கல்வி நிறுவனமொன்றின் அதிபராக இருந்தவர் என்பதை இன்றைய தலைமுறையினருள் எத்தனை பேர் அறிவர்?

காங்கேசன்துறை வீதியில், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே அமைந்த மருதனார்மடம், சேர். பொன். இராமநாதன் 1913 ஆம் ஆண்டில் பெண்களுக்கென நிறுவிய கல்லூரியால் பெயர் பெற்றது. இராமநாதனின் மருமகனும், 1950களில் இலங்கை அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தவருமான சு. நடேசபிள்ளை, 1960 ஆம் ஆண்டில் அங்கே இசைக்கெனத் தனியான கல்வி நிலையமொன்றைத் தொடக்கினார். மக்கள் அதனை இராமநாதன் அக்கடமி என்றே அழைத்தனர். கர்நாடக இசையை முறைப்படி கற்பதற்குக் கடல் கடந்து செல்லவேண்டியிருந்த நிலையை மாற்றுவதற்கு, தமிழகத்தின் தேர்ந்த வித்துவான்களையே இங்கு அழைத்து வருவது என்ற வழி கைக்கொள்ளப்பட்டது. அவ்வழியில் வந்தவருள் ஒருவரே சந்தானம்.

1928 ஆம் ஆண்டில் பிறந்த சந்தானத்துக்கு இசை பிறப்புரிமையாக வாய்த்தது. தந்தையார் மகாராஜபுரம் விசுவநாதையர், உமையாள்புரம் சுவாமிநாதையரிடம் பயின்று, தியாகராஜரின் சீடர் வழியில் வந்த பெருவித்துவான். செம்மங்குடி சீனிவாசையர் போன்றோருக்கும் அவர் ஆசானாக விளங்கினார். மோகன இராகத்தை அவர் ஆளும் திறம் இரசிகர்களிடையே பெரிதும் பேசப்பட்டது. 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் திரைப்படத்தில், நந்தனாராக நடித்த கே. பி. சுந்தராம்பாளுடன் வேதியராகத் தோன்றியவரும் அவரே. சென்னை சங்கீத வித்துவசபை 1945 இல் அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்துக் கௌரவித்தது. சந்தானம் தந்தையாரிடமும் மெலட்டூர் சாமா தீட்சிதரிடமும் பயின்றார். தந்தையாருடன் மேடையமர்ந்து பாடியும் பழகினார்.

பெருமரத்தின் நிழலில் வளரும் கன்றுக்கு நிழலே தடையாவதுமுண்டு. மேதை ஒருவரின் மைந்தருக்குத் தனிப் பாணியொன்றை அமைத்துக்கொள்வது எளிதான செயலன்று. தந்தையாரின் பெயர் முன்னே நிற்கும் தமிழக மேடைகளை விட்டு, 1960களில் சில ஆண்டுகள் சந்தானம் மருதனார்மடத்தில் அதிபராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்த காலத்தை இந்நோக்கிலே காண்பது பொருத்தமாகும் என்பது எமது கருத்து. பாடகர் மேடையில் ஒருமுறை பாடி முடித்துச் செல்லலாம். ஆசிரியரோ ஒரே சங்கதியைப் பத்து மாணவருக்குப் பத்து முறை பாடிக் காட்டவேண்டும். ஒரு பிரயோகம் ஏன் அந்த இராகத்துக்கு உரியது என்பதை விளக்கவேண்டும். தமக்கு இயல்பாக வருவது பிறருக்கு ஏன் வரவில்லை என்று ஆராயவேண்டும். பிற்காலத்தில் அவரது பாட்டில் நாம் கேட்ட தெளிவுக்கு இப்பயிற்சியும் ஓர் உரமாகியிருத்தல் கூடும்.

அவர் வந்து சேர்ந்த மண்ணும் இசைக்குப் புதியதன்று. இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்ற ஊர்கள். தவில் மேதை தட்சணாமூர்த்தி புகழின் உச்சியில் இருந்த காலமது. மகோற்சவ காலங்களில் விடிய விடிய மேளக்கச்சேரி கேட்டுப் பழகிய எம்மவரின் செவிக்கு இராகமும் தாளமும் அந்நியமல்ல. எனினும், கேள்வி ஞானம் மிகுந்த அச்சமூகத்தில் வாய்ப்பாட்டை முறையாகக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் தொகை சிறிதாகவே இருந்தது. அக்கடமியிற் பயின்று வெளியேறியவர்கள் பாடசாலைகள் தோறும் சங்கீத ஆசிரியர்களாகச் சென்று அக்குறையை நீக்கினர்.

தமிழகம் திரும்பிய பின்னரே சந்தானத்தின் புகழ் பெருகியது. கனமும் இனிமையும் ஒருங்கே அமைந்த சாரீரம், சுருதியோடு இழைந்து நிற்கும் கார்வை, மேற்தாயியிலும் தளராத நாதம், சிக்கலின்றி ஓடும் கற்பனை சுரங்கள் ஆகியன அவருடைய கச்சேரிகளின் அடையாளங்கள். 1970களிலும் 80களிலும் ஒலிநாடா இல்லந்தோறும் புகுந்தபோது, சபாவின் வாயிலை மிதித்திராதவர்களிடமும் அக்குரல் போய்ச் சேர்ந்தது.

அவர் பாடியவற்றுள் எமது மக்கள் பெரிதும் விரும்பிக் கேட்பது சுவாமி தயானந்த சரஸ்வதி இயற்றிய போ சம்போ என்னும் ரேவதி இராகப் பாடலாகும். ஐந்தே சுரங்களைக் கொண்ட ரேவதி, வேத கோஷத்தை நினைவூட்டுவது. அடங்கிய தியானமாகத் தொடங்கி, ஜதிச் சொற்கட்டுகள் வரும் இடத்தில் ஆடல் வல்லானின் அசைவை அவர் செவிக்குக் காட்டும் விதம் தனித்துவமானது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் வருவாரோ என்ற சாமா இராகப் பாடலிலோ அதே குரல் குழைந்து இரந்து நிற்கும். ஊத்துக்காடு வேங்கடசுப்பையரின் மதுர மதுர வேணுகீதத்தில் அடாணா இராகத்தின் மிடுக்கு வெளிப்படும். ஸ்ரீசக்ரராஜ என்று தொடங்கும் இராகமாலிகையில் செஞ்சுருட்டியிலிருந்து புன்னாகவராளிக்கும், நாதநாமக்கிரியைக்கும், முடிவிற் சிந்துபைரவிக்கும் மாறும்போது ஒவ்வோர் இராகமும் அதன் முதல் அடியிலேயே முகங்காட்டி நிற்கும்.

இத்தகைய சிறு உருப்படிகளால் புகழ் பெற்றவரைப் பண்டிதர் சற்றுக் குறைத்து மதிப்பிடுவது இசையுலகில் புதிதன்று. சந்தானம் விரிவான ஆலாபனையிலும் கீர்த்தனைகளிலும் வல்லவர் என்பதை அவரது முழுக் கச்சேரிப் பதிவுகள் காட்டும். ஐந்து நிமிடப் பாடலிலும் இராகத்தின் உருவம் சிதையாது பேணுவதற்கு ஆழ்ந்த வித்துவம் வேண்டும். வடமொழி, தெலுங்கு, கன்னடம், தமிழ் என்ற பேதமின்றி அவர் பாடியவை சாதாரண மக்களின் நாவிலும் நிலைத்தன. கலையின் தரத்தைத் தாழ்த்தாமலே அதனைப் பலருக்கும் உரியதாக்கியது அவர் செய்த பெரும் பணி.

தந்தையார் பெற்ற சங்கீத கலாநிதி விருது 1989 இல் மகனையும் வந்தடைந்தது. 1990 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. புகழின் உச்சியில் இருந்த வேளையில், 1992 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24 ஆம் திகதி நிகழ்ந்த வீதி விபத்து அவரது உயிரைப் பறித்தது. சென்னை தியாகராயநகரில் அவரது பெயரைத் தாங்கிய வீதி இன்றும் உள்ளது.

அவர் மறைந்த வேளையில் யாழ்ப்பாணம் யுத்தத்திலும் பொருளாதாரத் தடையிலும் சிக்குண்டிருந்தது. மின்சாரம் அற்ற அந்நாட்களில் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றியே எம்மவர் வானொலி கேட்டனர், ஒலிநாடாவும் கேட்டனர். ஒருவர் மிதிக்க மற்றவர் கேட்ட அப்பாடல்களில் சந்தானத்தின் குரலும் இருந்தது. தாம் ஒருகாலம் வாழ்ந்த மண் தம்மை இவ்வண்ணம் கேட்டது என்பதைவிடப் பெரிய விருது ஒரு பாடகருக்கு என்ன இருக்க முடியும்?

அன்றைய அக்கடமி 1975 ஆம் ஆண்டில் யாழ். பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இராமநாதன் நுண்கலைக் கழகமாக நெடுங்காலம் விளங்கிற்று. இன்று இராமநாதன் பெயரிலேயே தனிப் பீடமாக வளர்ந்து நிற்கின்றது. இவ்வளர்ச்சி எமக்கு மகிழ்ச்சி தருவது. ஆயினும் 1960களில் சந்தானத்திடம் நேரிற் பயின்றோர் இன்று எழுபது, எண்பது அகவையைக் கடந்தவர்கள். பலர் புலம்பெயர்ந்து வாழ்கின்றனர். அவர் எவ்வாறு கற்பித்தார், எந்தப் பாடாந்தரத்தைக் கொடுத்தார், இங்குள்ள மேடைகளில் எவற்றைப் பாடினார் என்பன அவர்களுடைய நினைவிலும், அவர்கள் பேணிவைத்த பாடக் குறிப்பேடுகளிலும் மாத்திரமே எஞ்சியிருக்கக் கூடும். யுத்தமும் இடப்பெயர்வும் எமது ஏடுகளையும் ஒலிப்பதிவுகளையும் பெருமளவில் விழுங்கிவிட்டன. எஞ்சியவற்றையேனும் காலம் கொண்டுசெல்லுமுன் தேடித் தொகுப்பது பல்கலைக்கழகத்தினதும் இசையார்வலரினதும் கடமையாகும்.

விசுவநாதையரின் மைந்தர் என்றும், சங்கீத கலாநிதி என்றும் அவரைச் சென்னை நினைவுகூரும். மருதனார்மடத்தின் ஆசிரியர் என்று நினைவுகூரும் உரிமை எமக்கு மட்டுமே உண்டு. அவ்வுரிமையை நாம் கைவிடலாகாது.