பனிமலை கண்ட மருத்துவர்

கடலுக்குச் செல்லும் மீனவர் காற்றையும் அலையையும் பார்த்த பின்னரே படகை இறக்குவார். அதுபோலப் பனிமலை ஏறுவோர் பனியின் குணத்தை அறிந்தே அடி வைக்க வேண்டும். அதைத் தவறாகக் கணித்ததால் விளைந்த துயரை நேரில் கண்டவர் ஒருவர், பிற்காலத்தில் நம் தமிழ் மக்களுக்கு மருத்துவத் தொண்டு புரிந்தார். அவரே டாக்டர் ஹோவர்டு சோமர்வெல்.

இவர் 1890-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரில், காலணி செய்யும் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று மருத்துவரானார். முதல் உலகப்போரில் பிரான்சில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார்.

1922-இல் எவரெஸ்டு சிகரம் ஏறச் சென்ற குழுவில் சேர்ந்து, பிராணவாயுக் கருவியின்றி ஏறக்குறைய 27,000 அடி உயரம் எட்டினார். பின்னர் புதுப்பனி பெய்தது. பழைய பனி இறுகிக் கிடக்க, அதன்மேல் விழும் புதுப்பனி உடனே ஒட்டிக்கொள்வதில்லை. மனிதரின் பாரம் பட்டாலே மேலடுக்கு பலகைபோல் பிளந்து சரியக்கூடும். சோமர்வெல்லும் மலோரியும் செங்குத்தான ஓரிடத்தில் பனியை வெட்டிச் சோதித்தனர். அது அசையவில்லை. இனி அச்சமில்லை என்று நம்பி மேலே ஏறினர். ஆனால் ஓரிடத்துப் பனி உறுதியாக இருப்பதால் அடுத்த சரிவும் அப்படியே இருக்கும் என்பதில்லை. ஜூன் 7 அன்று பனிச்சரிவு பாய்ந்து வந்தது. சுமை தூக்கி வந்த ஏழு பேர் மாண்டனர். ஆங்கிலேயர் அனைவரும் பிழைத்தனர். அவர்களுள் ஒருவரேனும் அந்த ஏழு பேரோடு சாவைப் பகிர்ந்திருக்கலாகாதா என்று சோமர்வெல் மனம் வருந்தினார்.

அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது, அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே நோயாளிகள் திரளாகக் காத்திருந்தனர். மருத்துவரோ மிகக் குறைவு. லண்டனில் கிடைக்கவிருந்த புகழையும் பொருளையும் துறந்து, நெய்யூரையே தம் பணிக்களமாக ஏற்றார்.

1924-இல் மீண்டும் எவரெஸ்டு சென்றார். சுமை தூக்கும் நால்வர் உயரமான முகாமில் சிக்கிக்கொண்டனர். இடையிலிருந்த சரிவில் பனி எந்நேரமும் பெயரும் நிலையில் இருந்தது. இம்முறை அந்த ஆபத்தைப் பிறர் தலையில் ஏற்ற அவர் விரும்பவில்லை. நண்பர்கள் கயிற்றைப் பிடித்திருக்கத் தாமே முன்னே சென்றார். கயிறு எட்டவில்லை. உடனே அதைத் தம் இடுப்பிலிருந்து அவிழ்த்து, ஊன்றிய பனிக்கோடரியில் சுற்றிப் பிடித்தபடி, வழுக்கிய இருவரைக் கைநீட்டிப் பற்றினார். நால்வரும் பிழைத்தனர்!

நெய்யூரில் வயிற்றுப்புண் நோய்க்கு அறுவை சிகிச்சை செய்து புகழ்பெற்ற அவர், பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, 1961-இல் ஓய்வு பெற்றார். 1975-இல் இங்கிலாந்தில் இறைவனடி சேர்ந்தார்.

இன்று மலையேறுவோர் பனியில் குழி தோண்டி அடுக்குகளை ஆராய்கின்றனர். புதுப்பனி, காற்று, வெயில், விரிசல் அனைத்தையும் கவனிக்கின்றனர். ஐயம் இருந்தால் திரும்பி விடுகின்றனர். சிகரத்தைவிட உயிர் பெரிது. நம் தவற்றால் பிறர் துன்புற்றால், அழுதுவிட்டு மறப்பது போதாது. அடுத்த ஆபத்தில் நாமே முன்னே நிற்க வேண்டும். சோமர்வெல்லின் வாழ்வு மாணவியராகிய நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.