டாக்டர் ஹாஃப்கின்

வால்டெமார் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுகையில், 1892இல் காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டு, அதை முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். மறு ஆண்டு கல்கத்தா வந்து ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போட்டார்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவிற்று. அங்கே சிற்றறையொன்றில் இராப்பகலாக உழைத்து, பிளேக் கிருமிகளை வளர்த்து, சூட்டினாற் கொன்று மருந்தாக்கினார். செத்த கிருமி நோய் தராது. ஆயினும் உடல் அதை அடையாளங் கண்டு, உயிருள்ள பகைவன் வருமுன்னரே படை திரட்டிக்கொள்ளும். 1897 ஜனவரி 10ஆம் நாள் அம்மருந்தையும் முதலில் தாமே ஏற்றுக் காய்ச்சலுற்றார்.

1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் தெட்டனஸ் கண்டு மாண்டனர். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது, பதவியும் போயிற்று. அப்பத்தொன்பதின்மருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து வந்தது. அதைத் திறக்கையில் உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்ததென்றும், அது செவ்வனே சுத்தி செய்யப்படவில்லையென்றும் பின்னர் வெளியாயிற்று. அறிஞர் பலர் அவருக்காக வாதாடினர். 1907இல் களங்கம் நீங்கி, மீண்டும் கல்கத்தாவில் பணியேற்றார்.

1925இல் பம்பாய் ஆய்வுக்கூடம் அவர் பெயரைப் பெற்றது. 1930இல் லோசான் நகரில் மறைந்தார்.

ஊசி உள்ளிருந்து காக்கும். சுத்தம் புறத்திருந்து காக்கும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் நேர்வது யாதென்பதற்கு அப்பெரியாரின் வாழ்வே சான்று.