மரியா மாண்டிசோரி அம்மையார்

எழுத்துகளைக் கண்டு மிரளும் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் சிலர் இருப்பர். பேச்சிலும் விளையாட்டிலும் சூட்டிகையாய் இருப்பவர்கள், புத்தகத்தைத் திறந்ததும் கண்கலங்குவர். அவர்களை மக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்தே தம் கல்விப் பணியைத் தொடங்கியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த காலம் அது. இடையூறுகள் பலவற்றைத் தாங்கி, 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர், மனநோய் விடுதிகளைப் பார்வையிட்டார். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் அங்கே வெற்றறைகளில் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடி எடுத்தனர். காவல் பெண்ணுக்கு அது பேராசையாகத் தோன்றியது. அம்மையாரோ, தொட்டு விளையாட ஒரு பொருளுமின்றி அவர்கள் அறிவே பசித்திருப்பதை உணர்ந்தார். அவர்களுக்கு வேண்டியது மருந்தைக் காட்டிலும் கல்வியே எனத் துணிந்தார்.

1900இல் இத்தகைய பிள்ளைகளுக்கென ரோம் நகரில் தொடங்கப்பட்ட பள்ளியின் இயக்குநர்களுள் ஒருவரானார். பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகேன் ஆகியோரின் நூல்களை ஆழ்ந்து கற்றார். மரத்தால் எழுத்துகள் செய்வித்து வண்ணம் தீட்டுவித்தார். பிள்ளைகள் அவற்றை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகினர். கண் மறந்ததைக் கை நினைவிற் கொண்டது. அவர்களுள் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுப் பள்ளித் தேர்வில் அமர்ந்து தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ, இவர்களே தேறுவராயின், குறையில்லாப் பிள்ளைகளை நம் பள்ளிகள் எத்துணைப் பின்தங்க வைத்துள்ளன என்று சிந்தித்தார்.

1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், ரோமின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த சிறுவர்கள், அங்கே உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவித் தடவி எழுதக் கற்றனர். அம்முறை உலகெங்கும் பரவியது.

1939இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டமையால் 1946 வரை இந்தியாவில் தங்கி, சென்னையிலும் கோடைக்கானலிலும் பிற ஊர்களிலும் ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் மறைந்தார்.

அம்மையார் பட்டம் பெற்ற அதே 1896இல், இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், அறிவுக்கூர்மை இருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அந்நிலையை இன்று டிஸ்லெக்சியா என்பர். அது சோம்பலன்று, அறிவுக்குறைவுமன்று. கண், காது, கை மூன்றும் சேர்ந்து இயங்க, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகக் கற்பித்தால் இப்பிள்ளைகளும் முன்னேறுவர். நம் முன்னோரும் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகியவர்கள் அல்லரோ?

பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்துக் களைத்து வரும் பெற்றோர்களே! உங்கள் பிள்ளை எழுத்தில் தடுமாறினால் அடிக்காதீர்கள்; பள்ளியை விட்டு நிறுத்தாதீர்கள். ஆசிரியரிடம் வந்து கூறுங்கள். மாலையில் தட்டில் மணலைப் பரப்பி, நாளுக்கோர் எழுத்தாக எழுதச் செய்யுங்கள். மாணவச் செல்வங்களே! உடன் பயிலும் நண்பன் வாசிக்கத் திணறும்போது நகைக்காதீர்கள். அருகமர்ந்து துணை நில்லுங்கள். அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.