வேரைத் தோண்டிப் பார்த்த விஞ்ஞானி

தோட்டத்துத் தோழர்களே! பயிர் வாடினால் நாம் என்ன செய்வோம்? இலையைத் திருப்பிப் பார்ப்போம், மருந்தடிப்போம். ஆனால், முதலில் வேரைத் தோண்டிப் பார்த்தார் ஒருவர். அவர்தான் சர் ஆல்பர்ட் ஹவார்ட்.

1873-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1899-இல் பார்படோஸ் தீவுக்குப் போய்க் கரும்பு நோய்களை ஆராய்ந்தார். சொல்லுகிற வைத்தியத்தைச் செய்து பார்க்கத் தனக்கென ஒரு துண்டு நிலம்கூட இல்லையே என்பது அங்கே அவருக்குப் பெரிய மனக்குறை.

1905-இல் பீகாரிலுள்ள பூசாவுக்கு வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. மனைவி கேப்ரியேலும் தாவரவியல் படித்தவர். இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள். சுற்றுவட்டாரக் குடியானவர்களின் வயலில் நோய் குறைவாக இருப்பதை ஹவார்ட் கவனித்தார். அவர்களையே வாத்தியாராக ஏற்றுக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத உழவனிடம் ஒரு வெள்ளைக்காரத் துரை பாடம் கேட்டார் என்றால், அது சின்ன விஷயமா?

அப்போது பீகாரில் நீலச் சாயத்துக்காக அவுரி பயிரிட்டார்கள். அந்தக் குடியானவர்கள் பட்ட துன்பத்தைக் கேட்டுத்தான் 1917-இல் காந்தியடிகள் சம்பாரணுக்குப் போனார். அங்கே பயிரான ஜாவா அவுரிக்கு வாடல் நோய் வந்து, செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்ந்தன. மண்ணில் மணிச்சத்து தீர்ந்துவிட்டது, அதுதான் காரணம் என்றார் இன்னொரு நிபுணர். ஹவார்ட் தம்பதி வேரோடு தோண்டிப் பார்த்தார்கள். அவுரி பயறு இனம். தழைச்சத்து சேர்க்கும் முடிச்சுகள் அதன் வேரில் உண்டு. மழைத்தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் காற்றுப் போகாததால் அந்த முடிச்சுகளும் நுண்வேர்களும் செத்துக் கிடந்தன. 1920-இல் இதை எழுதி வெளியிட்டார்கள்.

1924-இல் இந்தூருக்கு மாறி, குப்பையும் சாணமும் சேர்த்து மக்கவைக்கும் முறையை வகுத்தார். 1930-இல் கேப்ரியேல் காலமானார். அடுத்த ஆண்டே ஹவார்ட் ஊர் திரும்பினார். ஆனால் உழைப்பை விடவில்லை. 1937-38-இல் இந்தியா, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். மக்கிய உரம் போட்ட செடிகளின் வேரில் நன்மை செய்யும் பூஞ்சணம் செழித்திருப்பது தெரிந்தது. 1947-இல் மறைந்தார்.

அந்தப் பூஞ்சணம் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொண்டு, எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பயறு வகைகளில் வேரழுகல் சேதத்தையும் அது குறைப்பதைப் பின்னாளில் பல சோதனைகள் காட்டின. மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் இந்தக் கூட்டு குறைந்துவிடும். அதற்காக ரசாயன உரமே கூடாது என்று ஹவார்ட் பிடித்த பிடிவாதத்தை எல்லா விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை. மண் கேட்பதை அளவாகக் கொடுக்கத்தான் வேண்டும்.

இளம் பால்மரங்களுக்கு நடுவே பயறு இனக் கொடிகளை விடுவதும் மண்ணை வளர்க்கத்தானே! வீட்டுக்குப் பின்னால் உங்க பயத்தங்காய்க் கொடி வாடினால், மருந்துக்கு ஓடுமுன் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். வேர் அழுகியிருந்தால் முதலில் தண்ணீரை வடியவிடுங்கள். அப்புறம் மக்கிய குப்பையைப் போடுங்கள்.