புல்வெட்டும் இயந்திரம் தந்த எட்வின் படிங்

அடுத்த மாதப் பொதுக்குழுவில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம் வாங்கும் தீர்மானம் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று கொட்டேஷன்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை, பேங்க்கில் இருந்தவர் என்பதால், கமிட்டி என் தலையில் கட்டியது. குதிரைத்திறன், வெட்டும் அகலம், வாரண்டி என்று படித்துக்கொண்டே போனபோது, முதன்முதலில் இதைச் செய்தவர் யார் என்று தேடினேன். கொட்டேஷனை விட அந்த மனிதரின் கதை அதிக நேரம் பிடித்துக்கொண்டது. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். கொட்டேஷன் விவரம் கடைசியில் வரும். அதற்கு மட்டும் வந்தவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எட்வின் பியர்ட் படிங் 1796-ல் இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஸ்ட்ரவுட் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஈஸ்டிங்டனில் பிறந்தவர். தொழிலில் தச்சர். ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு அந்த நாளில் கம்பளித் துணிக்குப் பேர்போன இடம். நம் ஊருக்குத் திருப்பூர் எப்படியோ, அப்படி. வேகமாக ஓடும் சிற்றாறுகளின் கரையில் வரிசையாக மில்கள், தண்ணீர் விசையில் ஓடும் இயந்திரங்கள். அங்கே நெய்த சிவப்புத் துணிதான் பிரிட்டிஷ் சிப்பாய்களின் சீருடையாயிற்று. மில் இருக்கும் ஊரில் மில் இயந்திரத்தைப் பழுது பார்ப்பவனுக்கு வேலை பஞ்சமில்லை. படிங் மரவேலையை விட்டு இரும்பு வேலைக்குப் போனார். த்ரப் என்ற கிராமத்தில் ஜான் ஃபெரபீ என்பவர் நடத்திய ஃபீனிக்ஸ் இரும்புப் பட்டறை அவருக்கு நிலைக்களமாக அமைந்தது.

இங்கே துணி சமாசாரம் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புல் சமாசாரம் புரியாது. கம்பளித் துணியை நெய்து, அடித்து, கெட்டிப்படுத்திய பிறகு அதன் மேல் ரோமத்தை முட்காய்களால் சீவித் தூக்கி நிறுத்துவார்கள். பிறகு அந்த ரோமத்தை ஒரே மட்டமாகக் கத்தரிக்க வேண்டும். மழமழப்பு அப்போதுதான் வரும். இதைக் கையால் செய்த ஆட்கள் தூக்கிய கத்திரியின் எடை 18 கிலோ வரை இருந்தது. அபாரமான கைத்தேர்ச்சி வேண்டும். ஒரு நொடி கை பிசகினால் துணி பாழ். அதனால் நல்ல கூலியும் மரியாதையும் இருந்தது. இயந்திரம் வந்தபோது முதலில் கொதித்தெழுந்தவர்களும் அவர்களே. பக்கத்து வில்ட்ஷயரில் 1802-லேயே மில்களைக் கொளுத்தினார்கள்; 1812-ல் யார்க்ஷயரில் சம்மட்டியோடு மில்லுக்குள் புகுந்தார்கள். ஆனாலும் இயந்திரம் நிற்கவில்லை. 1815-ல் ஸ்ட்ரவுட் பக்கத்து பிரிம்ஸ்கோம் மில்லைச் சேர்ந்த லூயிஸ் என்பவர் சுழலும் கத்தரிப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். ஓர் உருளை, அதன்மேல் திருகு திருகாகச் சுற்றிய பிளேடுகள், அடியில் அசையாத ஒரு தட்டைப் பிளேடு. உருளை சுற்றும்போது ரோமம் இரண்டுக்கும் நடுவில் சிக்கி, கத்திரியில் மாட்டியதுபோல் அறுபடும்.

இந்த இயந்திரங்களோடுதான் படிங் புழங்கினார். எத்தனையோ பேர் அதைத் தினமும் பார்த்திருப்பார்கள். துணியின் மேல் நிற்கும் ரோமமும் தரையின் மேல் நிற்கும் புல்லும் ஒரே ஜாதி என்று தோன்றியது இவர் ஒருவருக்குத்தான்.

அதுவரை புல்தரை என்பது பணக்காரர் சமாசாரம். நீண்ட பிடி போட்ட பெரிய அரிவாளை இரு கையாலும் பிடித்து, ஆட்கள் வரிசையாக நின்று வீசிக்கொண்டே போவார்கள். பனி ஈரத்தில் அரிவாள் நன்றாக இறங்கும் என்பதால் விடியற்காலையிலேயே தொடங்கிவிட வேண்டும். பின்னால் பெண்களும் பையன்களும் கூட்டிப் பெருக்குவார்கள். என்னதான் தேர்ந்த ஆளானாலும் அரிவாள் வீசிய இடத்தில் அரைவட்டத் தழும்பு தெரியும், அங்கங்கே மொட்டையும் விழும். அரிவாள் ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாத இடத்தில் ஆடுதான். கிரிக்கெட்டின் கோயில் என்று நாம் சொல்லும் லார்ட்ஸ் மைதானத்தின் புல்லைக்கூட ஒரு காலத்தில் ஆடுகள்தான் மேய்ந்து மட்டப்படுத்தின.

படிங் செய்த முதல் இயந்திரம் 19 அங்குல அகலம். முழுக்க இரும்பு. பின்னால் ஒரு பெரிய உருளை தரையில் ஓடும். அது சுற்ற, பல்சக்கரங்கள் வழியாக முன்னால் உள்ள கத்தி உருளை பல மடங்கு வேகத்தில் சுற்றும். வெட்டிய புல் முன்னால் உள்ள தட்டில் விழும். பின்னால் ஒருவர் தள்ள வேண்டும். கனமாக இருந்தால் முன்னால் இன்னொருவர் இழுக்கவும் பிடி உண்டு. ராத்திரியில்தான் இதைச் சோதித்துப் பார்த்தார் என்றும், பகலில் யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்று கூச்சப்பட்டார் என்றும் அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். இரும்புச் சக்கரம் கடகடவென்று ஓடும் சத்தத்தில் அக்கம்பக்கத்தார் எப்படித் தூங்கினார்களோ!

இனி பணம். நான் முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் பார்த்தவன், இதைத் தாண்டிப் போக மனசு வராது. அன்றைக்கு இங்கிலாந்துக்கு மட்டும் காப்புரிமை வாங்க 100 பவுனுக்கு மேல் ஆகும். பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் ஆளின் ஒரு வருஷச் சம்பளத்தை அது விழுங்கிவிடும். 1830 மே மாதம் படிங்கும் ஃபெரபீயும் ஒப்பந்தம் போட்டார்கள். இயந்திரத்தைச் செய்து சரிப்படுத்தும் செலவு, காப்புரிமைச் செலவு எல்லாம் ஃபெரபீயுடையது. பதிலுக்கு, செய்யவும் விற்கவும் மற்ற கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கவும் உரிமை ஃபெரபீக்கு. மூளை ஒருவருடையது, மூலதனம் ஒருவருடையது. நஷ்டம் வந்தால் ஃபெரபீ தலையில் விழும் என்பதால் அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கடன் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்தவனுக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

காப்புரிமை கிடைத்த நாள் 1830 ஆகஸ்ட் 31. அதே மாதக் கடைசியில், இங்கிலாந்தின் இன்னொரு மூலையான கென்ட் மாவட்டத்தில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். குளிர்காலத்தில் கதிரடிப்புதான் அவர்களுக்குச் சோறு. அதை இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. கேப்டன் ஸ்விங் கலவரம் என்று சரித்திரத்தில் பெயர். நவம்பரில் அது படிங்கின் குளோஸ்டர்ஷயருக்கே வந்துவிட்டது. அடக்கி முடித்தபோது 19 பேரைத் தூக்கில் போட்டிருந்தார்கள். ஏறக்குறைய 500 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதிவைத்துப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. புல்வெட்டும் இயந்திரத்தை யாரும் உடைக்கவில்லை என்பது வேறு விஷயம். அது நுழைந்தது பெரிய வீட்டுத் தோட்டங்களில். அரிவாள் ஆள் அங்கே நிரந்தர ஊழியனாக இருக்கவில்லை, கூப்பிட்டால் வருபவன். கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் வாங்கியவர்களில் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையும் ஒன்று. 1831-ல் வாங்கினார்கள். அரிவாளும் துடைப்பமுமாக ஆறு அல்லது எட்டு ஆட்கள் செய்யும் வேலையை அது செய்துவிடுகிறது, தழும்பே விழுவதில்லை என்று அங்கிருந்த தோட்ட மேற்பார்வையாளர் சான்றிதழ் கொடுத்தார். 1832 முதல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம் கம்பெனி உரிமம் வாங்கிச் செய்யத் தொடங்கியது. இரண்டு விலை இருந்தது. சின்னது 7 கினி, பெரியது 10 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். தெற்கு இங்கிலாந்தில் விவசாயக் கூலிக்கு வாரம் சுமார் 10 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால், சின்ன இயந்திரம் 15 வாரக் கூலி, பெரியது 21 வாரக் கூலி.

இந்த இரண்டில் எதை வாங்குவது என்பதற்கு அன்று சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்காரரே தள்ளப் போகிறார் என்றால் சின்னது. வேலையாட்கள் தள்ளுவதென்றால் பெரியது. தோட்டத்தை அளக்கும் முன்பே, ஓட்டப் போவது யார் என்று கேட்டுவிட்டார்கள். படிங்கும் தன் காப்புரிமை மனுவிலேயே, நாட்டுப்புறத்துக் கனவான்கள் இதைத் தாங்களே தள்ளினால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்று எழுதிவைத்திருந்தார். நம் சி பிளாக் வாக்கிங் குழுவினர் கவனிக்கவும்.

படிங் புல்லோடு நின்றவர் இல்லை. பல குண்டுகளைத் தொடர்ந்து சுடும் கைத்துப்பாக்கி ஒன்று செய்தார். அமெரிக்காவின் கோல்ட் தன் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்குவதற்கு முன்பே. நம் பிளம்பர் பையில் இருக்கும் ஸ்க்ரூ ஸ்பானர், அதாவது வாயைத் திருகிப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் ஸ்பானர், அதன் ஆரம்ப வடிவங்களில் ஒன்றும் 1840-களில் இவர் செய்ததே. பிறகு டர்ஸ்லி என்ற ஊருக்குப் போய், ஜார்ஜ் லிஸ்டர் என்பவரோடு சேர்ந்து பஞ்சு, கம்பளி சிக்கெடுக்கும் இயந்திரங்களைச் சீர்படுத்தும் வேலையில் இருந்தார்.

லிஸ்டர் என்ற பெயரைப் பார்த்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஜார்ஜின் மகன் 1867-ல் டர்ஸ்லியில் தொடங்கிய கம்பெனிதான் பின்னால் லிஸ்டர் டீசல் என்ஜின் செய்தது. நான் கிராமக் கிளையில் விவசாயக் கடன் பிரிவில் இருந்த காலத்தில், கிணற்றுமேட்டில் டுக் டுக் என்று ஓடிய ஆயில் என்ஜின்களில் பாதிக்கு அதுவோ அதைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்ததோதான் மூலம். லிஸ்டர் மாதிரி என்ஜின் என்று எத்தனை கடன் பத்திரத்தில் எழுதியிருப்பேன்! அந்த லிஸ்டர் குடும்பத்தின் தொழிலில் ஒரு காலத்தில் நம் படிங்கின் கையும் இருந்திருக்கிறது.

1846-ல் டர்ஸ்லியிலேயே பக்கவாதம் வந்து இறந்தார். வயது 50. ரான்சம் என்றும் லிஸ்டர் என்றும் மற்றவர்கள் பெயரில் கம்பெனிகள் வளர்ந்தன. படிங் பெயரில் ஒன்றும் இல்லை. அவருடைய ஆரம்பகால இயந்திரங்கள் ஸ்ட்ரவுட் அருங்காட்சியகத்திலும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

அவர் இருக்கும்போதே, 1842-ல், ஸ்காட்லாந்தில் ஆர்ப்ரோத் ஊர் ஷாங்க்ஸ் என்பவர் 27 அங்குல இயந்திரத்தை மட்டக்குதிரை பூட்டி இழுக்க வைத்தார். குளம்பு புல்லைக் கெடுக்காமல் இருக்கக் குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டும் வழக்கம் வந்தது. 1890-களில் நீராவி, 1902-ல் ரான்சம் கம்பெனியின் பெட்ரோல் இயந்திரம். பிறகு ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டார். டென்னிஸ், கிரிக்கெட், கால்பந்து எல்லாம் மட்டமான புல்லின் மேல் வளர்ந்த கதை தனி.

இப்போது நம் விஷயம். வந்திருக்கும் மூன்று கொட்டேஷனிலும் உள்ளவை சமையலறை மிக்ஸிபோல் கத்தி கிடையாகச் சுழன்று புல்லை அடித்து வெட்டுபவை. படிங்கின் உருளைக் கத்தி முறை அல்ல. உருளை முறை இன்னும் சுத்தமாக வெட்டும். ஆனால் கிரிக்கெட் பிட்ச், கோல்ஃப் மைதானத்துக்குத்தான் அந்த அளவு நேர்த்தி தேவை. நம் கொரியன் புல்லில் குழந்தைகள் எறிந்த கல்லும் ஐஸ்கிரீம் குச்சியும் கிடக்கின்றன. கிடைக்கத்தியே போதும், சாணை பிடிப்பதும் சுலபம். ஆனால் கத்தி கல்லை வீசி அடிக்கும். வெட்டும் நேரத்தில் குழந்தைகளைப் புல்தரையில் விடக் கூடாது.

அகலத்தைப் பொறுத்தவரை, 42 அங்குல இயந்திரம் வேகமாக முடிக்கும் என்பது உண்மை. டேப் வைத்து அளந்தேன்: பி பிளாக் பின்பக்கப் பூங்காவின் இரும்புக் கேட் 37 அங்குலம். வேப்பமரங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே பல இடத்தில் அதுவும் இல்லை. எனவே 30 அங்குல மாடலைப் பரிந்துரைத்திருக்கிறேன். நீச்சல்குளத்தை ஒட்டிய சரிவில் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்தை இறக்கவே கூடாது, புரண்டுவிடும். அந்த இடத்துக்குப் பழைய கைத்தள்ளு இயந்திரமே இருக்கட்டும்.

கமிட்டியின் கணக்கில் ஒரு வரியை மட்டும் நான் அடித்துவிட்டேன். இரண்டு தோட்டக்காரர்களில் ஒருவரை நிறுத்தினால் இத்தனை மாதத்தில் இயந்திரத்தின் விலை வந்துவிடும் என்று போட்டிருந்தது. நிறுத்தப்படுபவர் யார் என்று எழுதவில்லை என்றாலும் முழங்கால் வலியோடு பதினோரு வருஷமாக நம் புல்லை வெட்டும் பெரியவர்தான் என்பது எல்லோருக்கும் புரியும். முழங்கால் வலிக்காரருக்குத்தானே உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் வேண்டும்? மிச்சமாகும் நேரத்தில் மூன்று வருஷமாகத் தள்ளிப்போடும் மாடித்தோட்டத்தையும் மழைநீர்க் குழிகளையும் இருவரும் பார்க்கலாம். அந்த வரி இல்லாமலும் கணக்கு நிற்கிறது. விலை திரும்பிவர ஆண்டுகள் கொஞ்சம் கூடும். இரண்டு கணக்கையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் பொதுக்குழுவில் தாராளமாகப் பேசலாம்.

டீலர் வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு 30 அங்குல மாடலைச் செய்துகாட்டக் கொண்டுவருகிறார். முதலில் ஓட்டிப் பார்ப்பவர் பெரியவர்தான், அவரிடம் பேசிவிட்டேன். புல்தரை ஓரம் கார் நிறுத்துபவர்கள் சனி இரவே எடுத்துவிடவும்.