உலகம் நம்ப மறுத்த டாக்டர்

குழந்தை வரம் வேண்டித் தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூருக்கு வரும் பெண்கள் இன்றும் ஏராளம். அவர்களில் பலர் டாக்டரிடமும் போகிறார்கள். டாக்டர் ஹார்மோன் ஊசி போட்டுச் சினைமுட்டைகளை முதிர வைக்கிறார்.

சோதனைக்குழாய்க் குழந்தைக்காக அந்த ஊசியைப் போட்டு முதலில் வெற்றி கண்டவர் ஓர் இந்தியர். அவர்தான் டாக்டர் சுபாஷ் முகர்ஜி.

1931-ல் ஹசாரிபாக்கில் பிறந்தார். 1958-ல் கல்கத்தாவிலும், 1967-ல் எடின்பரோவிலும் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார்.

ஒரு முட்டையா, பல முட்டையா?

பெண்ணுக்கு மாதம் ஒரு முட்டைதான் பொதுவாக முதிரும். இங்கிலாந்து டாக்டர்கள் முதலில் ஹார்மோன் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கடைசியில் இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையையே எடுத்தார்கள். 1978 ஜூலை 25-ல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது.

சுபாஷ் வேறு வழியில் போனார். ஒரே ஒரு நாற்றை நம்பி யாராவது நடவு நடுவார்களா? மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து எடுத்த ஹார்மோனை ஊசியாகப் போட்டார். பல முட்டைகள் முதிர்ந்தன.

ஆனால் ஊசி போட்ட மாதத்தில் கருப்பை கருவை ஏற்பது கடினம் என்று அவர் கருதினார். பட்டம் வரும்வரை விதையைக் காப்பது போல, கருவை 53 நாள் உறைய வைத்தார். பிறகுதான் தாயின் வயிற்றில் வைத்தார்.

1978 அக்டோபர் 3. நவராத்திரி வேளை. பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்று அழைத்தார்கள்.

ஏளனம்

சர்க்கார் விசாரணைக் குழு அமைத்தது. குழு அவரை நம்பவில்லை. ஜப்பான் சென்று விளக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூனில் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். மனம் உடைந்தது. அம்மாதம் 19-ந் தேதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 50.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஹார்மோன் ஊசி முறையில் குழந்தை பிறந்தது. அதை உலகம் நம்பியது!

பெருந்தன்மை

1986-ல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்றார்கள். அந்தப் பெருமைக்கு உரியவர்களில் ஒருவர் விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார். சுபாஷின் குறிப்புகள் பின்னர் அவர் கைக்கு வந்தன. பொறுமையாகப் படித்தார். முதலிடம் சுபாஷுக்கே என்று 1997-ல் எழுதினார். தமக்குக் கிடைத்த பட்டத்தைத் தாமே இறக்கி வைத்தார்.

இன்று மாத்திரை உண்டு. சிறுநீரில் எடுத்த ஹார்மோன் உண்டு. ஆய்வுக்கூடத்தில் செய்த ஹார்மோனும் உண்டு. வயதையும் உடல்நிலையையும் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுக்கிறார். அளவு மிஞ்சினால் சினைப்பை வீங்கும். அதனால் அடிக்கடி சோதித்துப் பார்க்கிறார்கள்.

ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களில் பலருக்குச் சுபாஷின் பெயர் தெரியாது. ஆனால் தொட்டில் கட்டும் வீடுகளில் அவர் உழைப்பும் ஆடுகிறது.