புத்தகக் காட்டுக்கு வழி சொன்ன கணக்கு ஆசிரியர்

வீட்டில் ஒரு பெட்டி. நிலப் பத்திரம், ரேஷன் கார்டு, வைத்தியர் சீட்டு எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. அவசரத்துக்குத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பத்துக் காகிதத்துக்கே இந்தப் பாடு. லட்சம் புத்தகம் இருந்தால்?

இதற்கு வழி கண்டவர் ஒரு தமிழர். அவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன்.

அவர் 1892-ம் ஆண்டு, அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். சிறு வயதில் அவருக்குத் திக்குவாய். ஆனாலும் படிப்பில் தளரவில்லை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். கல்லூரிகளில் கணித ஆசிரியராக வேலை பார்த்தார்.

பிடிக்காத வேலை

1924-ம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஆனால் மனம் ஒட்டவில்லை. மாணவர்கள் சூழ இருந்தவருக்கு, பேச ஆள் இல்லாத அந்த இடம் சிறையாகத் தோன்றியது. பழைய வேலைக்கே திரும்ப விரும்பினார்.

லண்டனுக்குப் போய் நூலகக் கலை படித்து வரட்டும். அப்புறமும் பிடிக்காவிட்டால் திரும்பி விடலாம் என்று ஏற்பாடு ஆயிற்று. ரங்கநாதன் கப்பல் ஏறினார்.

அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். பாமர மக்களும் பிள்ளைகளும் வந்து படிப்பதைக் கண்டார். அவர் மனம் மாறியது. இனி இதுவே தம் தொழில் என்று முடிவு செய்தார்.

புறாக்கூண்டு

ஆனால் ஒரு குறை அவரை உறுத்தியது. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-ல் ஒரு முறையை வகுத்திருந்தார். அறிவு முழுவதையும் 10 பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் மேலும் பத்துப் பத்தாகப் பிரிப்பது அந்த முறை. புறாக்கூண்டு போல முன்கூட்டியே அறைகள் தயார்.

தஞ்சையில் நெற்பயிருக்கு வரும் நோயைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நெல் அறைக்குப் போவதா? நோய் அறைக்கா? தஞ்சை அறைக்கா? ஓர் அறையில் வைத்தால், மற்ற அறைகளில் தேடுகிறவருக்குக் கிடைக்காதே!

பொம்மை தந்த யோசனை

ஒரு நாள் லண்டனில் பெரிய கடை ஒன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள். ஒரு விதமாகப் பூட்டினால் ஒரு பொம்மை. மாற்றிப் பூட்டினால் வேறு பொம்மை. துண்டுகள் அவையேதான்!

ரங்கநாதனுக்கு வழி பிறந்தது. அறைகளை முன்கூட்டிக் கட்ட வேண்டாம். எது, எதனால் ஆனது, என்ன செயல், எங்கே, எப்போது என்று ஐந்து கோணத்தில் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். விடைகளைச் சிறு குறிகளாக்கி ஒன்றாகப் பூட்ட வேண்டும். திருகாணிக்குப் பதில் முக்காற்புள்ளி! குறிகளின் பொருளை அட்டவணையில் பதிந்து விட்டால், எந்த வழியில் தேடினாலும் புத்தகம் கிடைக்கும்.

1925-ல் தாயகம் திரும்பினார். 1933-ல் இந்த முறையை நூலாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் முக்காற்புள்ளிக்குக் கோலன் என்று பெயர். அதனால் இதற்குக் கோலன் பகுப்பு முறை என்ற பெயர் வந்தது.

இன்றைய கணினியிலும் அதே பழைய சிக்கல்தான். உறைக்குள் உறையாகக் கோப்புகளை அடுக்குகிறோம். பேரனின் காது குத்துப் படம் குடும்ப உறையிலா, அந்த வருஷத்து உறையிலா? ஒரே கோப்புக்குப் பல அடையாளம் கொடுத்துத் தேடுவதே இதற்கு வழி என்கிறார்கள் அறிஞர்கள். இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று தனித்தனியே குறித்துச் சேலை தேடுகிறோமே, அதுவும் ரங்கநாதன் காட்டிய பாதைதான்.

சென்னையில் 20 ஆண்டுகள் உழைத்தபின், காசியிலும் டெல்லியிலும் பணியாற்றினார். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வரப் பாடுபட்டார். 1957-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதாவின் பெயரும் விளங்க, நூலகப் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார்.

1972-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி பெங்களூரில் காலமானார்.

வேண்டாம் என்று ஓடப் பார்த்த வேலை அது. அதிலேதான் அவர் உலகப் புகழ் அடைந்தார்!